டெக்சாஸ் ஸ்டார் கவுண்ட்டி 132 வருஷத்துக்கு அப்புறம் ஏன் கட்சி மாறுச்சு?

கேள்வி இதுதான்: மெக்சிகோ எல்லையில இருக்கிற ஸ்டார் கவுண்ட்டி (கவுண்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 1892க்கு அப்புறம் முதல் தடவையா 2024ல ஒரு ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளரை ஜெயிக்க வச்சிருக்கு, அங்க கிட்டத்தட்ட எல்லாருமே மெக்சிகோ வம்சாவளி, டிரம்ப் எல்லையைப் பத்தி அவ்வளவு கடுமையா பேசியும் இவங்க எப்படி அவருக்குப் போட்டாங்க, இது நிலைக்குமா நிலைக்காதா.

சுருக்கமா என் பதில், அந்த ஊர்ல டெமாக்ரட் ஓட்டுங்கிறது நூறு வருஷமா வாஷிங்டனைப் பத்தின ஓட்டாவே இருந்ததில்ல, ஷெரிஃப் (ஓட்டுல ஜெயிச்சு வர்ற போலீஸ் தலைவர்) யாரு, கவுண்ட்டி ஜட்ஜ் (பேருதான் ஜட்ஜ், கவுண்ட்டி நிர்வாகத் தலைவர்) யாரு, ஸ்கூல்ல வேலை யாருக்குங்கிறதைப் பத்தின ஓட்டு, அதுல ஒட்டிக்கிட்டு அதிபர் ஓட்டும் சேர்ந்தே போயிட்டு இருந்துச்சு. அந்த ஒட்டு விட்டுப் போனதும் மேல இருந்த ஓட்டு மட்டும் தனியா கழண்டு வந்துருச்சு. இதைப் புரிஞ்சுக்கணும்னா 2024லேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, ரொம்ப பின்னாடி போகணும்.

முதல்ல ஊரைப் பத்தி. ரியோ கிராண்டே ஆத்துக்கு வடகரையில இருக்கு, மக்கள்தொகை 2020 கணக்குப்படி 66,000 கிட்ட, அதுல 97 சதவீதம் ஹிஸ்பானிக். தலைமை ஊர் ரியோ கிராண்டே சிட்டி, அடுத்த பெரிய ஊர் ரோமா, ரோமாவுல பாலம் தாண்டினா மெக்சிகோவோட மிகேல் அலெமான். அமெரிக்காவுல ரொம்ப ஏழ்மையான கவுண்ட்டிகள் பட்டியல்ல அடிக்கடி வர்ற பேரு இது. ஆனா "குடியேறிகள் வாழுற ஊரு"ன்னு நினைச்சீங்கன்னா அங்கயே தப்பு ஆரம்பிச்சிடும். பல குடும்பங்கள் 1750கள்ல, அமெரிக்கான்னு ஒரு நாடே இல்லாத காலத்துல, ஸ்பெயின் ராஜா கொடுத்த நில மானியத்துல அங்க வந்து உட்கார்ந்தவங்க. 1848ல அமெரிக்க-மெக்சிகோ போர் முடிஞ்சு ஆறு எல்லையாச்சு, அதே வருஷம் கவுண்ட்டியும் உருவாச்சு. இவங்க எங்கயும் போகல, எல்லைதான் இவங்களைத் தாண்டிப் போச்சு. அதனால நேத்து ஆத்தைத் தாண்டி வந்தவரையும் இவங்களையும் ஒரே கூட்டமா சேர்த்துப் பேசுறது இவங்களுக்குப் பிடிக்காது, தங்களை டெஹானோன்னு, அதாவது டெக்சாஸ் பூர்வீகக்காரங்கன்னு சொல்லிக்கிறவங்க நிறைய. இது ஒண்ணு தெரிஞ்சாலே "மெக்சிகன்காரங்க எப்படி டிரம்புக்கு"ங்கிற கேள்வியில பாதி கரைஞ்சிடும்.

இப்ப பழைய அரசியல். 1800கள் கடைசியிலயும் 1900கள் ஆரம்பத்துலயும் தென் டெக்சாஸை நடத்தினது பிரவுன்ஸ்வில் வக்கீல் ஜிம் வெல்ஸோட மெஷின். மெஷின்னா கட்சி இயந்திரம், வேலை, கடன், மருந்துச் செலவு, கல்யாணச் செலவு எல்லாத்துக்கும் ஒரு பெரிய மனுஷன் கை கொடுப்பாரு, தேர்தல் அன்னிக்கு அதுக்குப் பதில் ஓட்டு. அந்தப் பெரிய மனுஷனுக்குப் பேரு பட்ரோன். ஸ்டார்ல அந்த இடத்துல இருந்தவரு மனுவல் கெர்ரா, அதே வட்டாரத்து டுவால் கவுண்ட்டியில ஆர்ச்சர் பார், அப்புறம் அவரு பையன் ஜார்ஜ் பார். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் அதிகம்ங்கிறதால கட்சிக்கு கலர்தான் அடையாளம், டெமாக்ரட்னா நீலம், ரிபப்ளிகன்னா சிவப்பு. இது சும்மா திருவிழா மாதிரி நடந்ததுன்னு நினைக்காதீங்க, 1906 தேர்தலுக்கு முந்தின ராத்திரி ரியோ கிராண்டே சிட்டியில ஸ்டான்லி வெல்ஷ்னு ஒரு ஜட்ஜைத் தூக்கத்துலயே சுட்டுக் கொன்னுட்டாங்க. உள்ளூர் பதவிக்கு அவ்வளவு வெறி இருந்த இடம்.

1902லேர்ந்து 1966 வரைக்கும் டெக்சாஸ்ல ஓட்டு போடணும்னா போல் டாக்ஸ்னு ஒரு ஓட்டு வரி கட்டணும். ஏழைக் கூலிக்காரர் கட்ட முடியாது, அப்ப பட்ரோன் மொத்தமா கட்டி ரசீதை எடுத்து வச்சுக்குவாரு. டெக்சாஸ்ல பல இடத்துல ஏழைகளை ஓட்டுலேர்ந்து விரட்டின அதே சட்டம், இங்க ஒரு மனுஷன் கையில மொத்த ஓட்டையும் சேர்த்துக் கொடுத்துச்சு. 1948ல லிண்டன் ஜான்சன் செனட் சீட்டுக்கான டெமாக்ரட் ரன்ஆஃப்ல (கட்சிக்குள்ள நடக்கிற ரெண்டாவது சுற்றுல) 87 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரே, கடைசி நேரத்துல வந்து சேர்ந்த ஓட்டுகளால முடிவைத் திருப்பின அந்த பிரபலமான ஓட்டுப்பெட்டி பாக்ஸ் 13, அது இதே வட்டாரம்தான், ஜிம் வெல்ஸ் கவுண்ட்டி, ஜார்ஜ் பாரோட செல்வாக்கு இருந்த இடம். ஒரு தேர்தல் முடிவையே திருப்புற அளவுக்கு இந்தப் பக்கத்து ஓட்டுப்பெட்டிக்கு பலம் இருந்துச்சு.

இதுல நான் அழுத்திச் சொல்ல வர்றது என்னன்னா, டெமாக்ரட்னு சொன்னா ஒரு கொள்கைன்னு நாம நினைக்கிறோம், ஸ்டார்ல எல்லாருமே டெமாக்ரட், நிலச்சுவான்தாரும் டெமாக்ரட், கூலிக்காரரும் டெமாக்ரட், அடிச்ச போலீசும் டெமாக்ரட். இதுக்கு 1966 முலாம்பழ ஸ்ட்ரைக்கை விட நல்ல சாட்சி இல்ல. லா கசிட்டா பண்ணையிலயும் சுத்துவட்டாரத்துலயும் வேலை செஞ்சவங்க மணிக்கு 1.25 டாலர் கூலி கேட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க, அப்ப அவங்களுக்குக் கிடைச்சது பல இடத்துல அதுல பாதி கூட இல்ல. கேட்டு நடக்கலன்னதும் அந்த கோடை வெயில்ல ரியோ கிராண்டே சிட்டி பக்கத்துலேர்ந்து தலைநகர் ஆஸ்டின் வரைக்கும் நடந்தே போனாங்க. கவர்னர் ஜான் கானலி, அவரும் டெமாக்ரட், நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கத்துல ரோட்டுல காரை நிறுத்தி, நீங்க ஆஸ்டின் வந்தாலும் நான் அங்க உங்களைப் பார்க்க மாட்டேன், குறைந்தபட்சக் கூலிக்காக சட்டசபையையும் கூட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அடுத்த வருஷம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்ங்கிற மாநில போலீஸ் படை வந்து ஸ்ட்ரைக் பண்ணவங்களைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1974லதான் தீர்ப்பு வந்துச்சு, தொழிலாளிங்க பக்கம்தான் நியாயம்னு. ஆனா அதுக்குள்ள ஸ்ட்ரைக் உடைஞ்சு போயிருந்துச்சு, 1967ல வந்த பியூலா புயல் மிச்சத்தையும் அழிச்சிருச்சு. அதே ஜனங்க அடுத்த தேர்தல்லயும் டெமாக்ரட்டுக்குத்தான் போட்டாங்க, 1972ல நிக்சன் நாடு முழுக்க அள்ளினப்பவும் ஸ்டார் மெகவர்ன் பக்கம், 1984ல ரீகன் அள்ளினப்பவும் மாண்டேல் பக்கம். கட்சி நல்லது செஞ்சதுனாலன்னு மட்டும் இதைப் படிக்க முடியாது. ரூஸ்வெல்ட் காலத்து உதவித் திட்டங்களுக்கு உண்மையான நன்றி இருந்துச்சு, கென்னடிக்கு உண்மையான பாசம் இருந்துச்சு, 1960ல விவா கென்னடி கிளப்புகள் அந்தப் பகுதி முழுக்க இருந்துச்சு, அதெல்லாம் நான் மறுக்கல. ஆனா அடியில தாங்கிப் பிடிச்சது வேற.

அந்த வேற என்னன்னா பிரைமரி, அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்துற முதல்கட்டத் தேர்தல். டெக்சாஸ்ல கட்சியில பேரு பதிஞ்சு வைக்கிற வழக்கமே கிடையாது, மார்ச் மாசம் பிரைமரி அன்னிக்குப் போய் எந்தக் கட்சியோட வாக்குச்சீட்டு வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம், ஆனா ஒண்ணுதான். ஸ்டார்ல ஷெரிஃப், கவுண்ட்டி ஜட்ஜ், நாலு கமிஷனர்கள், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் (சின்ன வழக்குகளைப் பார்க்கிற நீதிபதி), எல்லாரும் கட்சி சின்னத்துலதான் நிப்பாங்க, ரிபப்ளிகன் பக்கம் ரொம்ப வருஷம் ஆளே நிறுத்தல. அப்ப உண்மையான தேர்தல் டெமாக்ரட் பிரைமரிதான். உன் சித்தப்பா பையன் கமிஷனருக்கு நிக்கிறான், உன் மனைவிக்கு வேலை போட்டுக் கொடுத்தவரு ஜட்ஜுக்கு நிக்கிறாரு, நீ போய் ரிபப்ளிகன் சீட்டு வாங்கினா இவங்க யாருக்கும் ஓட்டு போட முடியாது. மனசுக்குள்ள கர்ப்பத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் எதிரான கத்தோலிக்கரா இருந்தாலும், வீட்டுல ரெண்டு துப்பாக்கி இருந்தாலும், மகன் எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோல்ல இருந்தாலும், சீட்டு டெமாக்ரட் சீட்டுதான். இதுல பொலிட்டிகேரான்னு ஒரு ஆளு வேற உண்டு, பெரும்பாலும் பெண்கள், வேட்பாளர் கிட்ட காசு வாங்கிக்கிட்டு தெருத்தெருவா போய் வயசானவங்களை வண்டியில ஏத்தி பூத்துக்குக் கூட்டிட்டு வர்றவங்க. இவங்களைச் சுத்தி வழக்குகளும் வந்திருக்கு, ஆனா பல பாட்டிகளுக்கு அரசியல்னா இந்த அம்மாதான்.

பொதுத்தேர்தல் நவம்பர்ல வரும்போது அங்க இன்னொரு வசதி இருந்துச்சு, ஸ்ட்ரெயிட் டிக்கெட். ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டா அதிபர்லேர்ந்து கான்ஸ்டபிள் வரைக்கும் மொத்த ஓட்டும் ஒரு கட்சிக்குப் போயிடும். "பேரெல்லாம் பார்க்காத, டெமாக்ரட்டை மட்டும் தொட்டுட்டு வா", முடிஞ்சுது வேலை. இதை 2017ல ரிபப்ளிகன் சட்டசபை ரத்து பண்ணிட்டாங்க, அமலுக்கு வந்தது 2020 தேர்தல்ல. ஸ்டார் முதல் தடவையா பெரிசா ஆட்டம் கண்டதும் அதே 2020. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒவ்வொரு பேரையும் தனித்தனியா பார்த்து போட வேண்டிய நிலைமை வந்தப்ப, மேல டிரம்ப், கீழ தெரிஞ்ச டெமாக்ரட்னு போடுறது சுலபமா ஆயிடுச்சு.

இப்ப எண்ணிக்கைக்கு வர்றேன், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சதவீதத்தைப் பார்த்தா 2012ல ஒபாமா 86, 2016ல ஹிலாரி 79க்கு டிரம்ப் 19, 2020ல பைடன் 52க்கு டிரம்ப் 47, 2024ல டிரம்ப் 58 கிட்ட, கமலா ஹாரிஸ் 42 கிட்ட. 60 புள்ளி பின்னாடி இருந்தவரு எட்டே வருஷத்துல 16 புள்ளி முன்னாடி. 2020ல நாட்டுலயே பெரிய சாய்வு இங்கதான். இதைப் பார்த்தா டெமாக்ரட்காரங்க கூட்டம் கூட்டமா கட்சி மாறிட்டாங்கன்னுதான் தோணும். சதவீதத்தை விட்டுட்டு ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்க. 2016ல ஹிலாரிக்கு 9,000 சொச்சம், 2020ல பைடனுக்கும் 9,000 சொச்சம், கிட்டத்தட்ட மாறவே இல்ல. டிரம்புக்கு 2016ல 2,200 சொச்சம், 2020ல 8,200 சொச்சம். அதாவது மொத்த ஓட்டு 6,000 கிட்ட கூடிச்சு, கூடின அளவு அப்படியே டிரம்ப் கணக்குல ஏறிச்சு. சிலர் இங்கேர்ந்து அங்க போயிருப்பாங்க, அவங்க இடத்துக்குப் புது ஆள் வந்திருப்பாங்க, அதெல்லாம் உள்ளுக்குள்ள நடந்திருக்கும், ஆனா மொத்தத்துல இது இதுவரைக்கும் அதிபர் தேர்தலுக்கு வராதவங்க வந்த கதை. மெஷின் யாரைக் கூட்டிட்டு வரலையோ அவங்க தாங்களாவே வந்தாங்க.

2024 கதை வேற மாதிரி. டிரம்புக்கு 9,500 பக்கம், அதாவது 1,200, 1,300 கூடுதல். ஹாரிஸுக்கு 7,000க்கும் கீழ, அதாவது பைடனை விட 2,000க்கு மேல குறைவு. மொத்த ஓட்டும் குறைஞ்சுது. அப்ப டெமாக்ரட் பக்கத்துலேர்ந்து ஒரு பகுதி அந்தப் பக்கம் போச்சு, இன்னொரு பகுதி வீட்டுலயே உட்கார்ந்துருச்சு. "ஸ்டார் டிரம்பைக் காதலிக்குது"ன்னு எழுதுறவங்க இந்த வீட்டுல உட்கார்ந்தவங்களை எண்ணவே மாட்டாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா அந்தக் கவுண்ட்டியோட நிஜமான பெரிய கட்சி ஓட்டே போடாதவங்க கட்சிதான்.

சரி, 2020ல ஏன் வந்தாங்க? எண்ணெய் முதல் காரணம். ஸ்டார்ல நல்ல சம்பளத்துக்கு வேலை குறைவு, படிப்பு அதிகம் இல்லாத இளைஞனுக்கு வீடு கட்டுற அளவுக்கு சம்பளம் வேணும்னா ஈகிள் ஃபோர்ட், இல்லன்னா மேற்கே பெர்மியன் எண்ணெய் வயல், ரெண்டு வாரம் அங்க, ஒரு வாரம் வீட்டுல. 2020 கடைசி விவாதத்துல பைடன் எண்ணெய்த் தொழில்லேர்ந்து நாடு மாறிப் போகணும்னு சொன்னது நியூயார்க்ல ஒரு வரிச் செய்தி, ஸ்டார்ல அது சாப்பாட்டுத் தட்டு. அடுத்தது சீருடை. எல்லைப் பகுதியில பார்டர் பேட்ரோல், கஸ்டம்ஸ், ஷெரிஃப் ஆபீஸ், மாநில போலீஸ் இதெல்லாம் இன்சூரன்ஸும் பென்ஷனும் இருக்கிற வேலை, ஊருல எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒரு மச்சானோ மருமகனோ அதுல இருப்பாரு. போலீஸுக்குப் பணத்தை நிறுத்துங்கிற கோஷம் அவங்க காதுல விழுந்தப்ப, கட்சியோட கொள்கை அது இல்லன்னு யாரும் வந்து சொல்லல. சொல்லவும் ஆள் வரல, ஏன்னா கொரோனான்னு டெமாக்ரட்டுகள் வீடு வீடா போறதை நிறுத்தியிருந்தாங்க. அதே நேரம் ஸ்டார் அடங்கின ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு முழுக்க டிரம்ப் கொடியோட கார் ஊர்வலங்கள் ஓடிட்டு இருந்துச்சு, இதுவரைக்கும் மனசுக்குள்ள வச்சிருந்தவங்க பக்கத்து வீட்டுக்காரரும் அதே கொடி கட்டியிருக்காருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. இதுக்கு நடுவுல 2020 ஜூலையில ஸ்டார் கவுண்ட்டி ஆஸ்பத்திரி நிரம்பி வழிஞ்சு, பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பலாமான்னு முடிவெடுக்க ஒரு குழு போட வேண்டிய நிலைமை. அவ்வளவு சாவு பார்த்த ஊரு, கடைகளை மூடுறதுக்கு எதிராவும் ஓட்டு போட்டுச்சு. முரண்னு தோணும், ஆனா தினக்கூலி வீட்டுக்கு நோயும் பயம், வேலை நின்னு போறதும் பயம், உதவிக் காசு செக்குல வந்தது டிரம்ப் பேரு.

2024ல விலைவாசி. மளிகை, பெட்ரோல், வாடகை. மூணுல ஒரு பங்கு ஜனங்க வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கிற இடத்துல முட்டை விலை ஏறினா அது பேச்சு இல்ல, பட்டினி. எல்லை விவகாரமும் இருந்துச்சு, ஆனா வெளியூர்க்காரங்க சொல்ற மாதிரி வெறுப்பாவே அதைப் பார்க்க வேண்டாம். வரிசையில நின்னு பல வருஷம் காத்திருந்து மாமனாரைக் கூட்டிட்டு வந்த குடும்பத்துக்கு, ஒழுங்கே இல்லாம நடக்குதுங்கிற எரிச்சல் இருந்துச்சு. பைடன் அரசாங்கம் இதுக்கு என்ன செஞ்சுதுன்னா 2023 அக்டோபர்ல 26 சட்டங்களை ஒதுக்கி வச்சுட்டு எல்லைச் சுவர் கட்ட அனுமதி கொடுத்துச்சு, எங்க? இதே ஸ்டார் கவுண்ட்டியில. சுவர் வேண்டாம்னு தங்கள் நிலத்துக்காக கோர்ட் ஏறினவங்க டெமாக்ரட்டை நம்பினவங்க, அவங்க நம்பிக்கையும் போச்சு, சுவர் வேணும்னவங்களுக்கு எப்படியும் டிரம்ப்தான் அசல்.

ஸ்டார் மட்டும் தனியா ஆடலங்கிறதையும் பாருங்க. பக்கத்து ஸபாட்டா கவுண்ட்டி 2020லயே டிரம்ப் பக்கம் போயிருச்சு, 1920க்கு அப்புறம் முதல் தடவை. 2024ல ஹிடால்கோ, கேமரன், வில்லசி, ஸ்டார்னு பள்ளத்தாக்கோட நாலு கவுண்ட்டியும், மேல லரேடோ இருக்கிற வெப் கவுண்ட்டியும் சேர்ந்தே சாஞ்சுது.

இனி இது நிலைக்குமா? நடுவுல 2022ல கவர்னர் தேர்தல்ல இதே ஸ்டார்ல டெமாக்ரட் பெட்டோ ஓ'ரூர்க், ரிபப்ளிகன் கவர்னர் அபட்டைத் தாண்டி அதிக ஓட்டு வாங்கினாரு. 2024ல ஸ்டார் அடங்கின 28வது காங்கிரஸ் தொகுதியில ஹென்றி குயெல்லார், லஞ்ச வழக்குல குற்றப்பத்திரிகை வாங்கி ஆறு மாசம்தான் ஆன டெமாக்ரட், அப்பவும் ஜெயிச்சாரு, அவருக்கு 2025 டிசம்பர்ல மன்னிப்பு கொடுத்தவரே டிரம்ப்தான். கவுண்ட்டி பதவிகள் பெரும்பாலும் இன்னும் டெமாக்ரட் கையில. அதாவது டிரம்ப் பேரு சீட்டுல இருந்தா வர்றவங்க, அவரு பேரு இல்லன்னா வர்றாங்களாங்கிறது இன்னும் முடிவாகாத விஷயம். இது தெரிஞ்சும் 2025 ஆகஸ்ட்ல டெக்சாஸ் ரிபப்ளிகன்கள் தொகுதி எல்லைகளை நடுவுல மாத்தி வரைஞ்சாங்க, தென் டெக்சாஸ்ல 28ஐயும் 34ஐயும் தங்கள் பக்கம் சாயுற மாதிரி. 2024ல டிரம்புக்குப் போட்ட ஹிஸ்பானிக் ஓட்டு அப்படியே நிக்கும்ங்கிற கணக்கு அது. என் கணிப்புல ரொம்ப துணிச்சலான கணக்கு. ஏன்னா 2024 தேர்தல் முடிஞ்ச மாசமே, ஆட்களை நாடு கடத்துற மையம் கட்ட மாநிலத்தோட நிலத்துறை ஸ்டார்ல 1,400 ஏக்கர் பண்ணையை டிரம்புக்குக் கொடுக்க முன்வந்துச்சு, 2025ல குடியேற்றத் துறை ரெய்டுகளால பள்ளத்தாக்குல கட்டட வேலைக்கு ஆள் வர பயந்தாங்க. ஓட்டு போட்டவரு எதிர்பார்த்தது ஆத்தங்கரையில ஒழுங்கு, வந்து நின்னது பல இடத்துல தன்கூட சிமெண்ட் பூசுறவன் வீட்டு வாசல்ல.

ஆனா அதுக்காக பழையபடி எல்லாரும் திரும்பிடுவாங்கன்னும் சொல்ல மாட்டேன். ரிபப்ளிகன் பிரைமரிக்கு 2018ல ஸ்டார்ல வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், 2022ல ஆயிரத்தைத் தாண்டிருச்சு. நவம்பர் சதவீதத்தை விட எனக்கு முக்கியமான கணக்கு இதுதான். மார்ச்ல ரிபப்ளிகன் சீட்டு கேட்டு வாங்குறவரு, தன் ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கிற உரிமையை விட்டுக் கொடுத்துட்டு வாங்குறாரு, அது கோபத்துல ஒரு நாள் போடுற ஓட்டு கிடையாது. அடுத்த தேர்தல்கள்ல ஸ்டாரைக் கவனிக்கிறவங்க மூணு விஷயத்தைப் பார்த்தா போதும்: மார்ச்ல ரெண்டு கட்சி பிரைமரிக்கும் எத்தனை எத்தனை பேர் வந்தாங்க, கவுண்ட்டி ஜட்ஜ், ஷெரிஃப் பதவிக்கு உள்ளூர்ல பேரு இருக்கிற குடும்பத்துக்காரங்க ரிபப்ளிகனா நிக்க ஆரம்பிச்சாங்களா, டிரம்ப் பேரு இல்லாத நவம்பர்ல மொத்த ஓட்டு எவ்வளவு. ரெண்டாவது நடந்துச்சுன்னா பழைய மெஷின் அப்படியே கலர் மாத்திக்கிட்டு சிவப்புல ஓடும், அப்ப அடுத்த 50 வருஷத்துக்கும் அதை யாரும் அசைக்க முடியாது.